லிங்கனின் அப்பா செருப்புத் தைத்தவரல்ல

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஆசிரியர் ஒரு லிங்கன் கதை சொன்னார். இதைப் படிக்கும் உங்களில் பலரும் கேட்ட கதைதான். ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகி, முதல் நாள் சபையில் பேச எழுகிறார். பணக்கார உறுப்பினர் ஒருவர் குறுக்கே எழுந்து, உன் அப்பா தைத்துக் கொடுத்த செருப்பைத்தான் நான் போட்டிருக்கிறேன் என்று மட்டம் தட்டுகிறார். லிங்கன் கோபப்படவில்லை. என் அப்பா தைத்ததில் குறை இருந்தால் சொல்லுங்கள், எனக்கும் அந்த வேலை தெரியும், சரிசெய்து தருகிறேன் என்கிறார். சபை வாயடைத்துப் போகிறது.

ஆசிரியர் நல்ல மனதோடுதான் சொன்னார். எந்தத் தொழிலும் இழிவில்லை என்று புரியவைக்க நினைத்தார். ஆனால் 'செருப்புத் தைப்பவர்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. ஒருவன் சிரித்தான். ஆசிரியர் அதைக் கவனித்தார். கவனிக்காதது போலப் பாடத்தைத் தொடர்ந்தார்.

என் அப்பா வாழ்நாளில் ஒரு செருப்பும் தைத்ததில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தார். தாத்தாதான் செருப்பும், கமலை இறைக்கத் தோல் பையும் தைத்தவர். அந்த வேலை எங்கள் வீட்டைவிட்டுப் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. ஆனால் அன்றைக்கு வகுப்பு திரும்பிப் பார்த்தது வேலையை அல்ல.

இப்போது எங்கள் காலனியின் சமுதாயக் கூடத்தில் நானும் இரண்டு தோழர்களும் மாலை வகுப்பு நடத்துகிறோம். வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் அம்மாவோ அப்பாவோ பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். சென்ற ஆசிரியர் தினத்துக்கு முந்தைய வாரம், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு தாளோடு வந்தாள். பள்ளி விழாவில் மேடையேறி வாசிக்க அவளுக்குக் கொடுத்தது. 'லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம்.' உச்சரிப்பைத் திருத்தித் தரச் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஆறாம் வகுப்புப் பையன் லிங்கன் என்ற பெயரைக் கேட்டதும், தன் வகுப்பில் சொன்ன செருப்புக் கதையை எடுத்தான். வரி மாறாமல் அதே கதை. சொல்லி முடித்துவிட்டு என்னிடம் கேட்டான்:

"அண்ணே, அமெரிக்காவுலயும் செருப்புத் தைக்கிறவங்க தெரு ஊருக்கு வெளியதான் இருக்குமா?"

எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தராத கேள்வி அது. அவனுக்குப் பதில் சொல்ல நான்கு மாலைகள் ஆயின. அந்த நான்கு மாலைகளில் எனக்கு உறுதியான ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பள்ளிகளில் சொல்லப்படும் லிங்கன் பொய்யான லிங்கன். பொய் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. அந்தப் பொய், சாதியைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க நமக்கு உதவுகிறது. உண்மையான லிங்கனைச் சொன்னால் சாதியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

முதலில் கதைகளைச் சரிபார்ப்போம். எங்கள் பிள்ளைகளுக்குச் சரிபார்ப்பது என்றால் என்னவென்று தெரியும். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022-இல் தொடங்கி நடந்த அகழாய்வைப் பார்த்தவர்கள் அவர்கள். சங்கு வளையல் துண்டு கிடைத்தாலும், சுடுமண் பொம்மை கிடைத்தாலும், எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எந்த மண் அடுக்கில் என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கேள்வியைத்தான் கதையிடமும் கேட்கச் சொன்னேன்: இது எந்த அடுக்கில் கிடைத்தது?

லிங்கனின் அப்பா தாமஸ் லிங்கன் தச்சர், விவசாயி. செருப்புத் தைத்தவரல்ல. செருப்புக் கதை நடந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தை லிங்கன் எழுதியதற்கும் எந்தச் சான்றும் இல்லை. அவருடைய கடிதங்களையும் உரைகளையும் திரட்டி 1953-இல் வெளிவந்த தொகுதிகளில் அப்படி ஒன்று இல்லை. நம் பள்ளிச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தக் கடிதம் யாரோ எழுதி, லிங்கன் பெயரில் உலவுவது.

ஆனால் அதே செனட் சபையில் செருப்புத் தைத்த ஒருவர் உண்மையிலேயே இருந்தார். ஹென்றி வில்சன். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மாசசூசெட்ஸில் நாட்டிக் என்ற ஊரில் செருப்புத் தைக்கக் கற்று, பிறகு செருப்புத் தொழிற்சாலை நடத்தி, செனட் உறுப்பினராகி, 1873-இல் துணைக் குடியரசுத் தலைவரும் ஆனவர். தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழிக்கும் மசோதாவை 1861 டிசம்பரில் கொண்டுவந்தவர் அவர்தான். பொய்க் கதை நம் சுவர்வரை வந்துவிட்டது. இந்த உண்மைக் கதை வரவேயில்லை.

பையனின் கேள்விக்கு வில்சனிடம் பாதிப் பதில் இருக்கிறது. அங்கே செருப்புத் தைப்பது ஒரு வேலை. ஏழைக்கு ஏற்பட்ட வேலை, ஏளனமும் இருந்திருக்கலாம்; ஆனால் விட்டுவிட்டால் விட்டதுதான். பேரன்வரை துரத்தி வராது. அந்த வேலைக்கென்று ஊருக்கு வெளியே தெருவும் இல்லை. அங்கே விட்டு வெளியேற முடியாமல் இருந்தது வேறொன்று: கறுப்பராகப் பிறப்பது. 1860-இல் அந்த நாட்டில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் இன்னொருவரின் சொத்தாக இருந்தார்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. நம் சாதியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான். செருப்புக் கதை அதைத் தொடுவதேயில்லை. லிங்கனைப் பற்றிய ஒரு கதையில் அடிமைமுறை இல்லாமல் போவது எப்படி? காமராசர் கதையில் பள்ளிக்கூடம் இல்லாமல் போவதைப் போன்றது அது.

இரண்டாம் மாலை அவர் வாழ்க்கையைச் சொன்னேன். 1809-இல் கென்டக்கியில் மரக்குடிசையில் பிறந்தார், எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பள்ளிக்கூடம் போனது ஓராண்டுக்குமேல் இராது. இதுவரை பிள்ளைகளுக்குத் தெரியும். அதன் பிறகுதான் பாடமே இருக்கிறது. அடிமைமுறை தவறு என்று நம்பியவர்தான் அவர். ஆனால் 1858-இல் தேர்தல் மேடையில், வெள்ளையரும் கறுப்பரும் சமூகத்திலும் அரசியலிலும் சமம் என்பதைத் தான் ஆதரிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1862 ஆகஸ்டில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியபோது, நாட்டின் ஒற்றுமையைக் காப்பதே தன் நோக்கம், ஒரு அடிமையையும் விடுவிக்காமல் அதைச் செய்ய முடிந்தால் அப்படியே செய்வேன் என்றார். அதே மாதம் கறுப்பினப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நீங்கள் வேறு நாட்டுக்குக் குடிபெயர்வது நல்லது என்று யோசனை சொன்னார்.

வில்சன் கொண்டுவந்த மசோதா 1862 ஏப்ரல் 16 அன்று சட்டமானது. தலைநகரில் விடுவிக்கப்பட்ட ஒவ்வோர் அடிமைக்கும் 300 டாலர்வரை இழப்பீடு. யாருக்கு? அடிமையை வைத்திருந்தவருக்கு. இதைச் சொன்னதும் அந்த ஏழாம் வகுப்புப் பெண் நிமிர்ந்தாள்.

"நஷ்டஈடு ஓனருக்கா?"

வெம்பக்கோட்டைப் பிள்ளைக்கு நஷ்டஈடு என்ற சொல்லுக்கு அகராதி வேண்டாம்.

லிங்கனை மாற்றியது யார்? போர் தொடங்கியதும் தோட்டங்களிலிருந்து ஓடிவந்து வடக்குப் படை முகாம்களின் வாசலில் நின்ற அடிமைகள். இவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை அரசின்மேல் திணித்தவர்கள் அவர்கள். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து, பத்திரிகை நடத்தி, ஓயாமல் லிங்கனைச் சாடிய பிரடெரிக் டக்ளஸ். 1863 ஜனவரி 1 அன்று வந்த விடுதலைப் பிரகடனம்கூடக் கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டும்தான் பொருந்தியது. அதன் பிறகு ஏறக்குறைய 1.8 லட்சம் கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்து சண்டையிட்டார்கள். லிங்கன் பெரிய மனிதர்தான். எதிரில் நின்றவர்கள் தள்ளியபோது நகர்ந்தார், நகர்ந்த இடத்திலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் தள்ளியவர்களை அழித்துவிட்டு அவரை மட்டும் சொல்லிக்கொடுத்தால், நம் பிள்ளைகள் ஒன்றைத்தான் கற்பார்கள்: நல்லவர் ஒருவர் வரும்வரை காத்திரு.

மூன்றாம் மாலை, மரணம். அடிமைகளை விடுவித்ததற்காக லிங்கனைச் சுட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுவோம். நடந்தது இன்னும் கூர்மையானது. 1865 ஏப்ரல் 11 அன்று வெள்ளை மாளிகை மாடத்திலிருந்து பேசிய லிங்கன், கறுப்பினத்தவரில் படித்தவர்களுக்கும் படைவீரர்களுக்கும் வாக்குரிமை தரலாம் என்றார். கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் ஜான் வில்க்ஸ் பூத். மூன்றே நாளில், ஏப்ரல் 14 இரவு, நாடக அரங்கில் லிங்கனைச் சுட்டான். மறுநாள் காலை லிங்கன் இறந்தார். அவரைக் கடத்த ஏற்கெனவே சதிசெய்து வந்தவன்தான் பூத். கொலைக்கு அவனைத் துணியவைத்தது வாக்குரிமை பற்றிய அந்தப் பேச்சு.

இங்கே நான் பாடத்தை நிறுத்தி, மேலவளவைப் பற்றிச் சொன்னேன். மதுரை மாவட்டத்தில், எங்களுக்கு அதிக தூரம் இல்லை. ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதில் நின்று வென்றார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பியவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். மொத்தம் ஏழு பேர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், எங்கள் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996-இலிருந்து 2006 வரை தலைவர் தேர்தலையே நடக்கவிடாமல் தடுத்தார்கள். எல்லாமே இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு நடந்தவை. பள்ளியில் யாரும் சொல்லவில்லை. பூத் ஏன் சுட்டான் என்று அவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 14 என்றதும் ஒரு பையன், "அது நம்ம அம்பேத்கர் பிறந்தநாள்ணே" என்றான். ஆமாம், லிங்கன் சுடப்பட்டு 26 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் அம்பேத்கர் பிறந்தார். வெறும் தற்செயல். ஆனால் அம்பேத்கர் லிங்கனை எப்படிப் படித்தார் என்பது தற்செயல் அல்ல. ஒற்றுமையே முதல் நோக்கம், அடிமைகளின் விடுதலை அதற்குப் பிறகு என்ற லிங்கனின் அந்த 1862 கடிதத்தை, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945-இல் எழுதிய நூலில் எடுத்துவைத்தார். சுயராஜ்யத்தை முன்னும் தீண்டப்படாதவர்களின் விடுதலையைப் பின்னும் வைக்கும் காந்தியின் பார்வையை அதனோடு ஒப்பிட்டார். லிங்கனை வணங்காமல், அவரிடமிருந்து கற்றுக்கொள்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நான்காம் மாலைதான் கடினமானது. லிங்கன் இறந்த பிறகு என்ன ஆயிற்று?

அடிமைமுறையை ஒழிக்கும் 13-ஆம் சட்டத்திருத்தம் 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதிலேயே ஒரு சந்து இருந்தது. குற்றத்துக்குத் தண்டனை என்றால் கட்டாய வேலை வாங்கலாம். உடனே தெற்கு மாநிலங்கள் வேலை ஒப்பந்தம் இல்லாமல் நிற்கும் கறுப்பரைக் குற்றவாளி ஆக்கும் சட்டங்களைப் போட்டன. நிலம் இல்லாதவர்கள் பழைய எசமானின் நிலத்திலேயே வாரத்துக்கு உழுது, விதைக்கும் உணவுக்கும் கடன் வாங்கி, அறுவடையில் கடன் தீராமல் அடுத்த ஆண்டும் அங்கேயே உழுதார்கள். வாங்கிய அட்வான்ஸ் தீரும்வரை ஒரே முதலாளியிடம் வேலைக்குப் போவது என்றால் என்னவென்று எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நிலம் தருவதாகச் சொல்லவும் செய்தார்கள். 1865 ஜனவரி 16 அன்று தளபதி ஷெர்மன், தென்கிழக்குக் கடற்கரை நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர்வரை பிரித்துத் தர ஆணையிட்டார். சுமார் 40,000 பேர் குடியேறி உழத் தொடங்கினார்கள். லிங்கன் கொல்லப்பட்டதும் பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டு முடிவதற்குள் அந்த நிலங்களைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார்.

இதைக் கேட்டதும் நமக்குப் பஞ்சமி நிலம் நினைவுக்கு வர வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892-இல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கரை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கியது. பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இன்று அதில் பெரும்பகுதி யார் யார் கையிலோ இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடிய மக்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

வாக்குரிமையும் இதே வழிதான் போனது. 1870-இல் 15-ஆம் திருத்தம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. 1873-இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலை எழுதி, அடிமைமுறையை ஒழித்ததற்காக அதை அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். சூத்திரர், ஆதி சூத்திரரின் விடுதலைக்கு அதை முன்மாதிரியாகப் பார்த்தார். புலே அப்படி நம்பிக்கை வைத்து நான்கே ஆண்டுகளில், 1877-இல், தெற்கிலிருந்த கடைசிப் படைகளும் கறுப்பின மக்களைக் காப்பதைக் கைவிட்டன. வன்முறையாலும் வரிகளாலும் தேர்வுகளாலும் வாக்குரிமை பறிபோனது. அதைத் திரும்பப் பெற 1965 வரை போராட வேண்டியிருந்தது. லிங்கன் இறந்து சரியாக நூறு ஆண்டுகள்.

1876 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் லிங்கனுக்கு ஒரு சிலை திறந்தார்கள். முன்னாள் அடிமைகள் காசு போட்டு எழுப்பிய சிலை. லிங்கன் நிற்கிறார், ஒரு கறுப்பர் அவர் காலடியில் மண்டியிட்டிருக்கிறார். திறப்பு விழாவில் பேசிய டக்ளஸ், லிங்கன் முதலில் வெள்ளையரின் தலைவர், நாம் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். சொல்லிவிட்டு, ஆனாலும் அவருக்கு நாம் நன்றியுள்ளவர்கள் என்றும் சொன்னார். நன்றியும் சொல்லலாம், உண்மையும் சொல்லலாம். பாஸ்டனில் இருந்த அதே சிலையின் நகலை 2020 டிசம்பரில் அகற்றிவிட்டார்கள். நம் ஊர்களில் அம்பேத்கர் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. எந்தச் சிலை எப்படி நிற்கிறது என்பதும் வரலாற்றுப் பாடம்தான்.

இப்படிப் பாடம் எடுப்பதாகச் சொன்னபோது தெரிந்த ஆசிரியர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டும் நியாயமான அக்கறையில் வந்தவை.

முதலாவது: பிஞ்சு மனதில் ஏன் சாதியை விதைக்கிறீர்கள்? விதைத்தவர்கள் நாங்கள் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. அவை செய்யப்பட வேண்டும். ஆனால் கயிற்றை அவிழ்த்த கைக்கு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்? சாதி எப்படி வந்தது, யார் எதிர்த்தார்கள், எது மிச்சமிருக்கிறது என்ற வரலாற்றைக் கொடுக்காவிட்டால் கயிறு வேறு நிறத்தில் திரும்ப வரும்.

இரண்டாவது: இந்தப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வேண்டாமா? குடிசையில் பிறந்தவர் நாடாண்டார் என்ற கதை ஒரு ஊக்கம்தானே? இதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கதையால் ஊக்கம் பெற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் முயன்றால் மேலே வரலாம் என்பதை மட்டும் சொல்லும் கதை, வராதவர்கள் முயலவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. 2012-இல் ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்றுதான் முதலிப்பட்டி ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 17 அன்று இதே வெம்பக்கோட்டைப் பக்கம் ராமுதேவன்பட்டியில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் முயற்சி குறைந்து சாகவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையின் முன்னால் நின்று லிங்கனின் விடாமுயற்சியைப் பேச எனக்கு வாய் வராது. அடிமைகள் கூட்டமாக ஓடிவந்து ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றினார்கள் என்று பேச வரும். அதுவும் நம்பிக்கைதான். என் பார்வையில் அதுதான் பெரிய நம்பிக்கை.

இரவுப் பாடசாலையும் மாலை வகுப்பும் நடத்தும் இளம் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 14-ஐத் தமிழ்நாடு அரசு 2022 முதல் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அன்று மாலை போட்டு, உறுதிமொழி எடுத்து முடித்ததும் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். லிங்கனை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். மூன்று கேள்வி போதும். விடுதலை யார் கேட்டு வந்தது? யாருக்கு நஷ்டஈடு கிடைத்தது? கொடுத்த நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது? பாடம் அமெரிக்காவில் தொடங்கும். முடிவதற்குள் உங்கள் ஊருக்கு வந்துவிடும்.

எங்கள் வகுப்பில் வந்துவிட்டது. கடிதத்தை வாசிக்க வேண்டிய பெண், தன் ஆசிரியரிடம் அது லிங்கன் எழுதியதல்ல என்று சொல்லியிருக்கிறாள். அவர் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, 'லிங்கன் எழுதியதாகச் சொல்லப்படும்' என்று சேர்த்து வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். ஒரு ஆசிரியர் அவ்வளவு தூரம் வந்ததே எனக்கு மகிழ்ச்சி.

செருப்புக் கதை சொன்ன பையன் வேறொன்று கேட்டான். "அண்ணே, நம்ம ஊர்ல பஞ்சமி நிலம் எத்தன ஏக்கர் இருந்துச்சு? இப்ப யாருட்ட இருக்கு?"

நான் பிறந்த ஊர். எனக்கு விடை தெரியவில்லை. அ-பதிவேட்டின் நகலையும், டி.சி. நிலம் என்று பதிவான சர்வே எண்கள் ஏதும் இருந்தால் அவற்றையும் தரச் சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறோம். மனுவின் நகல் சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பதில் வந்ததும் அதையும் பக்கத்தில் ஒட்டுவோம்.